முதலில் எது? : கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளிப் பராமரிப்புத் திட்டத்தின் வரலாறு

முன்னுரை

மருத்துவமனையில் சேர்க்கப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் தாதியர் ஒரு பராமரிப்புத் திட்டம் வகுத்து எழுதுவது இன்று உலகெங்கும் நிலைபெற்றுவிட்ட வழக்கம். நோயாளியின் நிலையை மதிப்பிடுதல், அவருடைய சிக்கல்களைப் பெயரிட்டு வரிசைப்படுத்துதல், ஒவ்வொன்றிலும் எட்ட வேண்டிய இலக்கைக் குறித்தல், செய்ய வேண்டியவற்றைச் செய்தல், செய்ததன் பயனை மீண்டும் பார்த்தல் என்பன அத்திட்டத்தின் படிகள். இவற்றுள் மிகுந்த பொறுப்புடையது வரிசைப்படுத்துதல் ஆகும். பல தொல்லைகளோடு வந்திருக்கும் ஒருவருக்கு முதலில் எதைக் கவனிப்பது, முப்பது பேர் படுத்திருக்கும் கூடத்தில் முதலில் யாரிடம் செல்வது என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் தாதியின் ஒரு நாள் பணியும் தொடங்குவதில்லை.

இம்முறை 1960களில் அமெரிக்காவில் உருப்பெற்று ஏனைய நாடுகளுக்குப் பரவியது எனப் பாடநூல்கள் கூறும். அது உண்மையே. எனினும் கிள்ளான் பள்ளத்தாக்கில், குறிப்பாக இங்குக் குடியேறிய தமிழர்களிடையே, ‘முதலில் எது, முதலில் யார்’ என்னும் வினா அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்துவிட்டது. அன்று அதற்கு விடை சொன்னவர்கள் தாதியர் அல்லர். விடையின் அடிப்படையும் நோயாளியின் தேவை அன்று. 1901இல் கிள்ளானில் தொடங்கி 1999இல் செலாயாங்கில் வந்து நிற்கும் அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. 

சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் இன்று ‘செவிலியர்’ என்பது வழக்கு. மலேசியத் தமிழில் ‘தாதியர்’ என்பதே நிலைத்துவிட்டது. தாதி என்னும் சொல்லுக்குப் பணிப்பெண் என்ற பொருளும் வளர்ப்புத்தாய் என்ற பொருளும் உண்டு. இவ்விரு பொருள்களுக்கும் இடையில்தான் இத்தொழிலின் மதிப்பும் நெடுங்காலம் ஊசலாடியது. இக்கட்டுரை நம் நாட்டு வழக்கையே பின்பற்றுகின்றது.

கிள்ளான், 1901

1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தின் நடுவில் எழுந்த அத்துறைமுகத்தில் வேலை செய்தோர் சில வாரங்களுக்குள்ளாகவே மலேரியாக் காய்ச்சலில் வீழ்ந்தனர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று அரசு எண்ணும் நிலை ஏற்பட்டது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ரோஸ் செகந்திராபாத்தில் 1897இல் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அக்கண்டுபிடிப்பை நம்பி வாட்சன் சதுப்பு நீரை வடிக்கவும் நகரைச் சூழ்ந்த காட்டை வெட்டவும் பரிந்துரைத்தார்.

கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் பதிவான இறப்புகள் 582. அவற்றுள் காய்ச்சலால் நேர்ந்தவை 368. அடுத்த ஆண்டில் மொத்த இறப்பு 144ஆகவும் காய்ச்சல் இறப்பு 59ஆகவும் குறைந்தன. மருத்துவ வரலாற்றில் இத்துணை விரைவான மாற்றத்தைக் காட்டும் எண்கள் அரியவை.

ஆயினும் இங்குக் கவனிக்க வேண்டியது வாட்சன் மேற்கொண்ட வரிசை. முதலில் நகரமும் துறைமுகமும் காப்பாற்றப்பட்டன. அவற்றைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களின் முறை பின்னரே வந்தது. தோட்டங்களில் அவர் கையாண்ட முறை நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. லயங்களில் வாழ்ந்த குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருப்போர் நூற்றுக்கு எத்தனை பேர் எனக் கணக்கிட்டார். பெரியவர்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவர். குழந்தைகளின் உடல் அவர்கள் வாழும் இடத்தின் நிலையைக் காட்டும் என்பது அவருடைய காரணம். கடலோரத் தோட்டங்களில் காட்டை அழித்து வடிகால் வெட்டியதும் மலேரியா குறைந்தது. அதே முறையை மலைச்சரிவுத் தோட்டங்களில் கையாண்டபோது காய்ச்சல் பெருகியது. கடலோரத்தில் நோய் பரப்பிய கொசு நிழல் படர்ந்த தேங்குநீரை நாடுவது. மலையடிவாரத்துக் கொசுவோ வெயில்படும் தெளிந்த ஓடைநீரில் பெருகுவது. ஒரே நோய், ஒரே மாநிலம். ஆயினும் ஒரே திட்டம் எல்லார்க்கும் பொருந்தவில்லை. நிலத்தடி வடிகாலும் எண்ணெய் தெளித்தலும் பின்னர் வந்தன. செய்ததன் பயனை மீண்டும் மதிப்பிட்டுத் திட்டத்தைத் திருத்தும் பழக்கம் அவரிடம் இருந்தமையால்தான் அவை வந்தன எனலாம்.

புழுங்கல் அரிசி

அதே காலத்தில் மலாயாவில் பல்லாயிரவரைக் கொன்ற மற்றொரு நோய் பெரிபெரி. கால்கள் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சு தளர்ந்து நோயாளி இறப்பார். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை இந்நோய் பெரிதும் தாக்கியது. அருகிலேயே வாழ்ந்த தமிழர்களை ஏறக்குறைய தீண்டவே இல்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் இதற்குக் காரணம் உணவே என வாதிட்டார். சீனர்கள் உண்டது ஆலையில் நன்கு தீட்டப்பட்ட வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது நெல்லை அவித்து உலர்த்திக் குத்திய புழுங்கல் அரிசி.

இதனைச் சோதிக்கக் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் 1905ஆம் ஆண்டு இறுதியில் வில்லியம் பிளெட்சர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்ணினரை மறுபக்கமுமாகப் பிரித்து, ஒரு பகுதியினர்க்குப் பச்சரிசியும் மற்றொரு பகுதியினர்க்குப் புழுங்கல் அரிசியும் ஓராண்டு வழங்கினார். பச்சரிசி உண்டோரிடையே நோய் பரவிப் பலர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டோரிடையே புதிதாக நோய் தோன்றவில்லை. இவ்வாய்வின் முடிவு 1907இல் வெளியாயிற்று. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டேன்டனும் ஜாவானியத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு அதனை உறுதிப்படுத்தியது. தவிட்டில் உள்ள உயிர்ச்சத்து, நெல்லை அவிக்கும்போது அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது என்பது பிற்காலத்தார் தந்த விளக்கம்.

நம் பாட்டிமார் அண்டாவில் நெல் அவித்ததை உலக மருத்துவத்தின் ஒரு திருப்புமுனையோடு தொடர்புபடுத்தும் இச்செய்தியைத் தமிழாசிரியர் பலர் அறியாதிருப்பது வியப்பிற்குரியது. ஆயினும் இதில் பெருமிதம் கொள்வதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடுதியில் இருந்தோரிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. நோய் பரவத் தொடங்கிய பின்னும் ஆய்வு நிறைவுறும் வரை பலர்க்கு அதே பச்சரிசியே தொடர்ந்தது. அங்கு முதலிடம் பெற்றது வினாவுக்கான விடை; படுக்கையில் கிடந்தவர் அதற்கு அடுத்த இடத்திலேயே இருந்தார். நோயாளியின் உணவைக் கவனிப்பதைத் தாதியின் தலையாய கடமைகளுள் ஒன்றாகப் புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இலேயே எழுதியிருந்தார். அவருடைய நூலில் உணவுக்கு இரண்டு இயல்கள் உண்டு.

தோட்ட மருத்துவமனை

1911இல் மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் தோட்டங்களில் தொழிலாளர் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு அறுபதைத் தாண்டியது. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தோட்ட உரிமையாளர்கள் மருத்துவமனை வசதி செய்து தர வேண்டும் என வலியுறுத்தியது. தனி மருத்துவமனை கட்ட இயலாத தோட்டங்கள் சில சேர்ந்து ஒரு பொது மருத்துவமனையை அமைத்துக்கொண்டன. 1923ஆம் ஆண்டுச் சட்டம் பேறுகாலத் தொழிலாளியர்க்கு உதவித்தொகையையும் தோட்டக் குழந்தைகளுக்குப் பள்ளியையும் விதித்தது.

சட்டத்தில் இவை இருந்தன. நடைமுறையில் தோட்ட மருத்துவமனை என்பது ஒரு பலகைக் கட்டடம், சில கட்டில்கள், மருந்துக் கலவைகள் நிறைந்த அலமாரி, இவற்றுக்கெல்லாம் பொறுப்பாளரான ஒரு டிரெஸ்ஸர். வெள்ளைக்கார மருத்துவர் குறிப்பிட்ட நாள்களில் வந்து போவார். டிரெஸ்ஸர்களுள் பலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தோர், ஆங்கிலம் கற்றோர். பயிற்சி பெற்ற பெண் தாதியரை அங்குக் காண்பது அரிது. கஞ்சி காய்ச்சுவது, உடம்பைத் துடைத்து விடுவது, இரவில் விழித்திருப்பது ஆகியவற்றைப் பெரும்பாலும் உறவினரோ பக்கத்து வீட்டினரோ செய்தனர்.

விடியற்காலைப் பிரட்டுக் களத்தில்தான் உண்மையான வரிசைப்படுத்துதல் நிகழ்ந்தது. கங்காணி பெயர் வாசிப்பார். கொயினா அங்கேயே வழங்கப்படும். உடம்பு முடியவில்லை என்பவரை டிரெஸ்ஸர் பார்த்து, வேலைக்குப் போகலாமா, மருத்துவமனையில் கிடக்க வேண்டுமா எனத் தீர்ப்பார். நாள் கூலி முறையில் வேலை இல்லையேல் கூலி இல்லை. ஆகவே நோயை மறைத்துக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர்களும் இருந்தனர். நோயுற்றும் நடிப்பென ஐயுறப்பட்டவர்களும் இருந்தனர். இரு திறத்தாரையும் தோட்டத்தில் வளர்ந்த முதியோர் இன்றும் நினைவுகூர்வர். முதலில் கவனிக்கப்பட்டது வேலைக்குத் திரும்பக் கூடிய உடல். நெடுநாள் நோயாளியும் முதியவரும் பட்டியலின் அடியில் இருந்தனர். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது வேலை இழந்தோர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றித் தமிழகத்துக்கே அனுப்பப்பட்டனர்.

டிரெஸ்ஸரைக் குறை கூறுவது எளிது. நூற்றுக்கணக்கானோர்க்கு ஒருவராக நின்று, நிருவாகிக்கும் தொழிலாளிக்கும் இடையில் அகப்பட்டு, நள்ளிரவில் பேறு பார்க்கவும் பாம்புக்கடிக்கு ஓடவும் செய்தவர் அவரே. அவரிடம் குறிப்பேடு இருந்தது. அதில் பெயர், நோய், நாள், மருந்து ஆகியன இருந்தன. நோயாளி என்ன சொன்னார் என்பதற்கு அதில் இடம் இல்லை.

செலாயாங்கிலிருந்து சற்றுத் தொலைவில் 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு இதற்கு மாறான ஒரு காட்சியைக் காட்டுகிறது. வெளியுலகினின்று சட்டத்தால் பிரிக்கப்பட்ட அங்கு, நோயாளிகளே பயிற்சி பெற்று ஏனைய நோயாளிகளுக்குத் தாதியர் ஆயினர். எந்தப் புண் முதலில் கட்டப்பட வேண்டும், எவருக்கு உணர்ச்சியற்ற விரலில் தீக்காயம் நேரக்கூடும் என்பதை அவர்கள் தம் உடலாலேயே அறிந்திருந்தனர். அக்குடியிருப்பின் பிற கொடுமைகளை, குறிப்பாகப் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்ததை, இச்சிறப்பு மறைத்துவிடாது.

திட்டம் வந்த வழி

போருக்குப் பின் 1950இல் இயற்றப்பட்ட தாதியர் சட்டம் இத்தொழிலுக்குப் பதிவும் தகுதியும் வரையறுத்தது. அக்காலத்து மருத்துவமனைகளில் வேலை ‘பணிப் பங்கீட்டு’ முறையில் நடந்தது. ஒருவர் எல்லார்க்கும் காய்ச்சல் பார்ப்பார். ஒருவர் எல்லார்க்கும் புண் கட்டுவார். ஒருவர் மருந்து கொடுப்பார். ஒரு நோயாளியை முழுமையாக அறிந்தவர் எவரும் இலர்.

இம்முறையை அமெரிக்கத் தாதியர் கேள்விக்கு உள்ளாக்கினர். ஐடா ஓர்லாண்டோ 1961இல் வெளியிட்ட நூலில், தாதி தான் கண்டதைக் கொண்டு முடிவு செய்யாமல் அதன் பொருளை நோயாளியிடமே கேட்டுத் தெளிய வேண்டும் என வற்புறுத்தினார். யூராவும் வால்ஷும் 1967இல் அதனை நான்கு படிகளாக வகுத்தனர். 1973இல் தாதியர் தம் நோக்கில் நோயாளியின் சிக்கல்களைப் பெயரிடும் முயற்சியைத் தொடங்கினர். 1980இல் எடின்பரோவைச் சேர்ந்த ரோப்பரும் அவர்தம் தோழியரும் மூச்சு விடுதல், உண்ணுதல், உறங்குதல் முதலாகப் பன்னிரண்டு வாழ்வுச் செயல்களின் அடிப்படையில் ஒரு முறையை அமைத்தனர். வரிசைப்படுத்துவதற்கு மாஸ்லோ என்னும் உளவியலார் 1943இல் கூறிய தேவைகளின் படிநிலை துணையாயிற்று. மூச்சுவழி, மூச்சு, குருதியோட்டம் ஆகியன முதலில், பாதுகாப்பு அடுத்து, அன்பும் மதிப்பும் அதன்பின்.

இக்கல்வி நம் நாட்டுக்கு வந்தபோது அதன் வாயிலில் நின்றவர்கள் யார் என்பது தனி வினா. தாதியர் பயிற்சிக்கு இடைநிலைக் கல்விச் சான்றிதழ் தேவைப்பட்டது. பயிற்று மொழி முதலில் ஆங்கிலம், பின்னர் மலாய். தோட்டத் தமிழ்ப்பள்ளியோ ஆறாம் ஆண்டோடு நின்றது. ஆகவே பிரிக்பீல்ட்ஸ் போன்ற நகர்ப்பகுதிகளின் ஆங்கிலம் கற்ற குடும்பத்துப் பெண்களே பெரும்பாலும் வெள்ளைச் சீருடை அணிந்தனர். தோட்டத்துப் பெண்ணுக்கு எட்டியது ஆயாக் கொட்டகை. பேச்சுத் தமிழை நன்கறிந்தவர் தொட்டிலாட்ட, திட்டம் எழுதும் எழுதுகோல் வேறொருவர் கையில் இருந்தது.

செலாயாங்

1999 ஆகஸ்டில் செலாயாங் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. பல்லூடகப் பெருவழித் திட்டக் காலத்தில் எழுந்த அது, நாட்டின் முதல் தாளற்ற மருத்துவமனை என அறியப்பட்டது. மருத்துவக் குறிப்பு, ஊடுகதிர்ப் படம், மருந்துச் சீட்டு ஆகியவற்றோடு தாதியரின் பராமரிப்புத் திட்டமும் கணினிக்குள் சென்றது. எந்த வேளைப் பணியாளரும் முந்தைய வேளையில் நடந்ததை உடனே காணலாம். கையெழுத்துப் புரியவில்லை என்னும் இடரும் இல்லை. இந்நன்மை சிறிதன்று.

ஒரு கற்பனை நோயாளியைக் கொண்டு இதன் வேலைமுறையை விளக்கலாம். பத்துமலை அருகே மகன் வீட்டில் வாழும் அறுபது வயது மூதாட்டி; முன்னாளில் பால்மரம் வெட்டியவர்; நீரிழிவு உடையவர். காலில் ஆறாத புண்ணோடும் காய்ச்சலோடும் மூச்சுத் திணறலோடும் கொண்டுவரப்படுகிறார். தாதி முதலில் புண்ணைப் பார்ப்பதில்லை. கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுவது புண். உயிருக்கு அணிமையில் நிற்பது மூச்சு. படுக்கையின் தலைப்பகுதியை உயர்த்துதல், உயிர்வளி அளித்தல், நாடியும் குருதி அழுத்தமும் பார்த்தல், சர்க்கரை அளவை அறிதல் ஆகியவை முடிந்த பிறகே புண், நோவு, கீழே விழும் இடர் என வரிசை தொடரும். ‘நான்கு மணி நேரத்துக்குள் நோயாளி துணைக் கருவியின்றி முழு வாக்கியம் பேச இயலும்’ என்பது போல இலக்கு அளக்கத்தக்கதாக எழுதப்படும். எட்டாவிடின் வரிசை மாறும்.

ஆனால் அம்மூதாட்டியின் மனத்தில் வேறொரு வரிசை இருக்கிறது. தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள். பேரனுக்காகப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறார். விரதம் இருந்ததால் மருந்தை விட்டுவிட்டார். இதனைக் கேட்டறியாத திட்டம் ‘மருந்து உட்கொள்ளும் ஒழுங்கின்மை’ எனப் பதிந்து, அறிவுரை கூறுக என முடியும். அவர் வீடு திரும்பியதும் புண்பட்ட காலோடு 272 படிகளை ஏறுவார். கேட்டறிந்த திட்டமோ நேர்த்திக்கடனை மகன் நிறைவேற்றலாமா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாமா எனக் குடும்பத்தாரோடு பேசுவதையும் ஒரு செயலாகச் சேர்க்கும். படிநிலையின் உச்சியில் மாஸ்லோ வைத்த ஒன்று சில நோயாளிகளுக்கு அடியிலேயே இருப்பதுண்டு.

நோயாளியின் சொல்

கணினியில் முன்கூட்டியே அமைத்து வைத்த பட்டியலினின்று சிக்கலைத் தெரிவு செய்வது தாதியின் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆயினும் பட்டியல் ஆங்கிலத்தில் உள்ளது; தாதி மலாயில் வினவுகிறார்; மூதாட்டி தமிழில் விடை கூறுகிறார். இம்மூன்றுக்கும் இடையில் நிற்பவர் பெரும்பாலும் பதின்ம வயதுப் பேரன்.

‘இழுப்பு’ என்னும் ஒரு சொல்லைக் காண்போம். மூச்சிரைப்பு நோய்க்கும் இழுப்பு என்பர். கைகால் வெட்டி இழுக்கும் வலிப்புக்கும் இழுப்பு என்பர். இரவில் இழுப்பு வந்தது என மூதாட்டி கூறியதைப் பேரன் எவ்வாறு மொழிபெயர்க்கிறான் என்பதைப் பொறுத்துத் திட்டத்தின் முதல் வரியே மாறிவிடும். ‘மயக்கம்’ தலைசுற்றலாகவும் இருக்கலாம், நினைவிழத்தலாகவும் இருக்கலாம், அரைத்தூக்கமாகவும் இருக்கலாம். கால் ‘மதமதப்பாக’ இருக்கிறது என்று நீரிழிவு நோயாளி சொல்வது நரம்பு கெட்டதன் முன்னறிவிப்பு. அதனை வெறும் ‘வலி’ என்று பெயர்த்தால் அவ்வறிவிப்பு தொலைந்துபோகும். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல் ஆகிய ஐந்தும் பேச்சுத் தமிழில் ஐந்து வேறு நோவுகள். நோவுக்குச் சுழியம் முதல் பத்து வரை எண் கொடுக்கச் சொன்னால் ‘பொறுத்துக்கலாம்’ என்பதே பல முதியோரின் விடை.

கட்டுரையாளர் ஒருமுறை ஒரு மருத்துவமனையில் அடுத்த கட்டிலில் இருந்த முதியவர்க்காக மொழிபெயர்க்க நேர்ந்தது. அவருடைய குறிப்பில் இரண்டு நாளாக ‘வயிற்று வலி’ என்றே இருந்தது. அவர் சொல்லிக்கொண்டிருந்தது ‘நீர்க்கடுப்பு’. சிறுநீர் இறங்காமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார்.

மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்னும் ஐயத்தை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1864 முதல் தம் மாணவர்களுக்குத் தமிழிலேயே பாடம் நடத்தித் தீர்த்துவைத்தார். உடற்கூறு, பேறுகால மருத்துவம், இரண மருத்துவம் ஆகிய துறைகளில் அவர் தமிழ் நூல்களை வெளியிட்டார். அவர் பெரிதும் தேடியவை மருத்துவர் பேசும் கலைச்சொற்கள். நோயாளி பேசும் சொற்களைத் தொகுப்பது அதனினும் எளிய பணி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அங்கு வாழ்ந்தோர் செலாயாங், ரவாங், பூச்சோங் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்துவிட்ட நிலையில் காலம் குறுகிய பணியும் ஆகும். தமிழ்ப்பள்ளி மாணவர் தம் பாட்டியிடம் கேட்டு ஐம்பது சொற்களை எழுதி வந்தால், ஒவ்வொன்றுக்கும் எதிரில் மலாய்ச் சொல்லையும் உடலின் இடத்தையும் குறித்தால், ஒரு வார்டின் சுவரில் ஒட்டுவதற்குப் போதிய தாள் ஒன்று கிடைத்துவிடும்.